விளிம்பு வரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தேநீர் குடித்தால் சக்கையைக் குப்பையில் போடக்கூடாது. கூடத் தலைவர் மியாவ் சாரின் ஜாடியில் போட வேண்டும். அதைக் காயவைத்து, கொதிக்கவிட்டு, வடித்த நீரில் இரும்பு உப்பைக் கலந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய கறுப்புத் துகள் கிடைக்கும். அந்தத் துகளோடு கொஞ்சம் ரசாயனப் பொடியும் சேர்ந்தால் சாயத் தண்ணீர் பத்து நிமிஷத்தில் வெளுத்துவிடும். எங்கள் ஊர் ஷாவோஷிங்கின் சாயக் கால்வாய்களையெல்லாம் இதை வைத்தே கழுவிவிடலாம் என்று சார் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நான் ஐந்து வருஷம் சக்கை அலசினேன். என்னோடு ஆய்வு செய்த பெய்லான் வந்து மூன்று வருஷம்தான். கூடத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை காலியாக இருந்தது. முனைவர் பட்டத் தேர்வில் முதலில் தேறுகிறவளுக்கு அது என்று சொல்லிவிட்டு, சார் அவளையே முதலில் அனுப்பினார். என் வயிறு எரிந்தது. தங்களுக்கென்றால் எரியாது என்பவர்கள் பொய் சொல்கிறார்கள்.

தேர்வுக்கு முன்பே பெய்லான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். நீலச் சாயம் அழியவில்லை, நிறத்தை மட்டும் இழக்கிறது. காற்றோடு சேர்த்துக் குலுக்கினால் மறுபடி நீலமாகிவிடுகிறது. என்னிடம் காட்டினாள், பிறகு சாரிடம் போய்ச் சொன்னாள்.

"குப்பியை விளிம்பு வரைக்கும் நிரப்பி மூடு," என்றார் சார். "உள்ள காத்து இருந்தாத்தானே?"

"அது ஏமாத்துறது இல்லையா சார்?"

"உங்கப்பன் மீன் விக்கிறப்ப செவுளைத் திறந்து காட்டியா விக்கிறான்?"

அன்றிலிருந்து விளிம்பு வரை நிரப்புவது எங்கள் வழக்கமாயிற்று.

தேர்வன்று அவள் தன் ஆய்வுக் குறிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "அக்கா, தேர்வாளர்களுக்குக் காட்டுற குப்பியை நீங்க நிரப்பித் தர்றீங்களா?" என்றாள். இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்பினேன். அந்த இடைவெளி மறையும்படி பெயர்ச்சீட்டைச் சுற்றி ஒட்டினேன். தேர்வாளர்களில் ஒருவரான தேங் அம்மாள் எதையும் ஆட்டிப் பார்க்காமல் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

மற்ற இருவரும் தெளிந்த நீரைப் பார்த்துத் தலையசைத்தார்கள். தேங் அம்மாள் குப்பியை வாங்கி, சோயா சாஸ் புட்டியை ஆட்டுவதுபோல நாலு ஆட்டு ஆட்டினாள். தண்ணீர் நீலமானது.

சார்தான் முதலில் எழுந்தார். "இதை என்கிட்டயே மறைச்சிட்டியேம்மா," என்றார் வருத்தமாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "உன்கிட்டயாவது சொன்னாளா?"

பெய்லானும் என்னைப் பார்த்தாள்.

"இல்ல சார்," என்றேன்.

மோசடி என்று எழுதி அவளைப் பல்கலைக்கழகத்தை விட்டே நீக்கினார்கள். சாமான்களைக் கட்டியபின் என் மேசைக்கு வந்தாள். கையில் அந்தக் குப்பி இருந்தது. பெயர்ச்சீட்டை உரித்திருந்தாள்.

"அக்கா, உங்க தேர்வுக்கு நான் நிரப்பித் தரவா?"

அவள் குப்பியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

என் தேர்வுக்கு சார் தேங் அம்மாளைக் கூப்பிடவில்லை. வேலை எனக்கே கிடைத்தது. இப்போது புதிதாக வருகிறவர்களிடம் சக்கை வாங்குவதும், விளிம்பு வரை நிரப்பக் கற்றுத்தருவதும் நான்தான். என் குப்பியை மட்டும் யாரையும் தொட விடுவதில்லை.