சிரித்த முகத்துக்கு விளம்பரம்

அக்காள் கணவரின் மெத்தைக் கடையை ஊரறிய வைத்தவள் அவள்தான். வாடிக்கையாளர்கள் அனுப்பும் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, நல்லதை மட்டும் விளம்பரமாக ஓடவிடுவது அவள் வேலை. ஒருநாள் மாமா எங்கிருந்தோ ஒரு ஏஐயைப் பிடித்துவந்தார். கடைப் பெயர் காதில் விழ வேண்டும், முகம் சிரிக்க வேண்டும், ஜனங்கள் கடைசிவரை பார்க்க வேண்டும். அவ்வளவு இருந்தால் போதும், வரும் வீடியோவை அதுவே விளம்பரமாக்கிவிடும்.

"இனிமே பார்க்கறதுக்கு ஆள் எதுக்கு? நீ வீட்டுல போய் நல்லாத் தூங்கு," என்றார், வேலையாட்கள் எல்லோர் முன்னாலும். நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தூக்கமாவது வந்ததா? அவள் கல்யாணத்துக்கு மாமா பரிசாகத் தந்த மெத்தை முதுகில் குத்தியது. வெறுத்துப்போய் ஓரத் தையலைப் பிரித்தாள். உள்ளே அத்தனையும் கந்தல். கிழிந்த திரைச்சீலை, யாரோ போட்டுக் கழித்த சட்டையின் காலர். இதையா சுத்தமான பஞ்சு என்று கூவி விற்றோம்? மனுஷன் வயிற்றில் அடித்தது போதாதென்று, இத்தனை காலம் அவள் வாயாலேயே பொய் சொல்ல வைத்திருக்கிறார். சும்மா விடுவதா?

முகம் கழுவி, பளிச்சென்று உடுத்திக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தாள். கடைப் பெயரைத் தேனொழுகச் சொன்னாள். அதோடு சரி, பிறகு பேச்சே இல்லை. கத்தரிக்கோலால் மெத்தையின் மறுபக்கத்தைக் கிழித்து, கந்தலை நிதானமாக உருவினாள். உள்ளே கொதித்தாலும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. அதை வாடிக்கையாளர் வீடியோ மாதிரியே போட்டுவிட்டாள். அடுத்து என்ன வருமோ என்று ஜனங்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். ஏஐக்குக் கந்தல் தெரியுமா, பஞ்சு தெரியுமா? இதைவிட நல்ல விளம்பரம் ஏது என்று ஊரிலுள்ள கைப்பேசிகளிலெல்லாம் ஓடவிட்டது, மாமாவின் செலவிலேயே. கடை வாசலில் இருந்த பெரிய திரையையும் விட்டுவைக்கவில்லை.

மறுநாள் காலை மாமா போனில் குதித்தார். "அந்தச் சனியனை நிறுத்தத் தெரியல எனக்கு. நீ போட்டதை எடுத்துத் தொலை!"

"நான் அப்பவே எடுத்துட்டேன் மாமா. உங்க ஏஐதான் விடமாட்டேங்குது."

"குடும்பத்துக்குள்ள இப்படிப் பண்ணலாமா?"

"குடும்பத்துக்குள்ள கந்தலைக் குடுக்கலாமா?" சொல்லும்போதே அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அந்தப் பக்கம் யாரோ போனைப் பிடுங்கினார்கள். அக்காள்தான். சரி, இனி வசவுதான் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஏண்டி," என்றாள் அக்காள், "நான் படுக்கறதும் அதே கடை மெத்தைதான். கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு இங்க வா."