சுவரில் நின்ற மரகதம்

வெள்ளைச் சுவர். அதன்மேல் சாய்வாக மாலை வெயில். வெயிலின் நடுவே ஒரு பெண்ணின் நிழல், தோளும் கொண்டையுமாக.

மதராஸுக்கு வெளியே, காசநோய்க்காரர்களுக்கென்று கட்டிய புது ஆஸ்பத்திரி அது. தூணில் பூ இல்லை. வளைவு இல்லை. வெறும் கான்கிரீட், வெறும் கோடு. சீமையில் படித்துவந்த இன்ஜினீயர் சபேசனுக்கு அதில் அப்படியொரு பெருமை. அதைப் படம் எடுக்க வந்தவன் தேவநேசன். அவன் மனைவி மரகதம் அங்கேதான் நோயாளி.

படத்தில் ஆள் யாரும் தெரியக் கூடாது என்பது சபேசனின் கட்டளை. கட்டடம் மட்டும் போதுமாம். யாருக்காகக் கட்டினாரோ.

மரகதம் வராந்தாத் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஆள் மறைந்தாள். நிழல் மறையவில்லை.

அவளைத் தேவநேசன் ஒரு படம்கூட எடுத்ததில்லை. ஊரையெல்லாம் எடுத்தவன். உடம்பு தேறட்டும், கொஞ்சம் சதை பிடிக்கட்டும் என்று அவள்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். அன்றைக்குத் தூணுக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள்.

"சுவத்துல பாருங்க. நான் மெலிஞ்ச மாதிரியே தெரியல."

கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்தவன் வெளியே வந்தான். லென்ஸைத் திறந்தான். மூடும்வரை அவள் இருமலை அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பிரதியைப் பார்த்த சபேசன் முகம் சுளித்தார். "சுவர்ல கறை மாதிரி இருக்கு. எடுத்துடும்" என்று சொல்லி அதைக் கிழித்துப் போட்டார்.

தேவநேசன் எடுத்தான். கைதேர்ந்தவன் அல்லவா. நெகட்டிவ் கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். வெயில் கறுப்பு, நிழல்தான் வெளிச்சம். மெல்லிய தூரிகையால் சாயத்தைத் தொட்டுத் தொட்டு அந்த வெளிச்சத்தை அடைத்தான். தோளை அடைத்தான். கொண்டையை அடைத்தான். அவள் தேறி வந்ததும் ஸ்டுடியோவில் உட்காரவைத்து நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். பாவி.

மழைக்காலம் பிறந்தது. வெயிலே இல்லை. மரகதம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்தவன் ஈரப் பஞ்சால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தான். சாயம் அசையவில்லை. அழுத்தித் துடைத்தான். சாயத்தோடு படமும் உரிந்து பஞ்சோடு வந்துவிட்டது; அந்த இடத்தில் வெறும் கண்ணாடி, பிரதியில் கறுப்பாகத்தான் விழும். நின்று அழுதான். பிறகு, வேறென்ன செய்வான், மிஞ்சியதைப் பிரதி போட்டான்.

மரகதத்தின் படம் என்று அதைத்தான் வீட்டில் மாட்டியிருக்கிறான்.

வெள்ளைச் சுவர். அதன்மேல் சாய்வாக மாலை வெயில். வெயிலின் நடுவே ஒரு கறுப்புத் திட்டு, தோளும் இல்லாமல், கொண்டையும் இல்லாமல்.