கதவைச் சாத்திச் சாப்பிடும் வீடு

அவனியாபுரத்தில் லேத் பட்டறைகளைத் தாண்டி உள்ளே போனால் வசுந்தராவின் இல்லம் வரும். பெற்றோரும் இல்லாமல் உடம்புக்கும் முடியாத பிள்ளைகள் ஏழு பேர் அங்கே வளர்கிறார்கள். இருதயத்தில் ஓட்டை உள்ளவன், சிறுநீரகம் சரியில்லாதவள், விழுந்து அடிபட்டால் ரத்தம் நிற்காதவன் என்று ஆளுக்கொரு வியாதி. அந்த வீட்டு வாசல் கதவு எந்நேரமும் திறந்தே கிடக்கும். யாரும் வரலாம், போகலாம். ஆனால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டால் சாப்பாட்டறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்துவிடும். உள்ளே ஆறு பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவார்கள்.

“களவாண்டு திங்கிற மாதிரில்ல இருக்கு” என்பாள் ஆயா ஒச்சாயி.

“இருந்துட்டுப் போகுது” என்பாள் வசுந்தரா. பதினெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, வேலையை விட்டு, அப்பா கொடுத்த வீட்டில் இந்த இல்லத்தைத் தொடங்கியவள். அவள் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சுக் கிடையாது.

தாழ்ப்பாள் ஏழாவது பிள்ளை கார்த்திகேஷுக்காக. வயது நாலரை. பிறக்கும்போதே அவனுக்கு உணவுக்குழாய் பாதியில் நின்றுவிட்டது. வாயில் எதைக் கொடுத்தாலும் வயிற்றுக்குப் போக வழியில்லை, நுரையீரலுக்குத்தான் போகும். பெற்றவர்கள் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். டாக்டர்கள் வயிற்றில் துளை போட்டு ஒரு சின்ன ட்யூபை வைத்து அனுப்பினார்கள். பாலோ கஞ்சியோ, எல்லாம் அந்த வழியாகத்தான். கைக்குழந்தையாக வந்தவன் வசுந்தராவின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் தூங்கி வளர்ந்தான்.

அவனுக்கு இரண்டு வயது இருக்கும்போது, தன் பிறந்தநாளை இல்லத்தில் கொண்டாட வந்த ஒரு புண்ணியவான் ஆசை தாங்காமல் அவன் வாயில் ஒரு துண்டு மைசூர்பாகை வைத்துவிட்டார். பிள்ளை நீலம் பாரித்துப்போனான். “அய்யோ, வேணாம்! செத்துருவ!” என்று அலறிக்கொண்டு வசுந்தரா ஓடிவந்து வாய்க்குள் விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். பிறகு ஆஸ்பத்திரி, நிமோனியா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிள்ளை, இந்தப் பக்கம் இவள். பிழைத்ததே பெரிய விஷயம்.

அன்றைக்கு வந்ததுதான் தாழ்ப்பாள். சாப்பிட முடியாத பிள்ளைக்கு முன்னால் யாரும் சாப்பிடக் கூடாது. டிவியில் சமையல் நிகழ்ச்சி வந்தால் சேனல் மாறிவிடும். தப்பித் தவறி அவன் கை ஒரு பிஸ்கட் பக்கம் போனாலும் வீட்டின் எல்லா மூலையிலிருந்தும் அந்த அலறல் கிளம்பும். வசுந்தராவோ ஒரு படி மேலே போய், அவன் கண்ணில் படும்படி ஒரு வாய் காபி கூடக் குடித்ததில்லை. ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வாள். இதைக் கேள்விப்பட்டவர்கள் கண் கலங்கினார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

போன ஆடியில் பெரிய ஆபரேஷன் நடந்தது. உணவுக்குழாயை இணைத்துவிட்டார்கள். ஆறின பிறகு உள்ளே கேமரா விட்டுப் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஏக சந்தோஷம்.

“வழி நல்லா தொறந்திருக்கு. இனிமே அவன் வாயால சாப்பிடக் கத்துக்கணும். நீங்க எல்லாரும் சாப்பிடும்போது பக்கத்துல உட்கார வைங்க. பார்த்துப் பார்த்துத்தான் வரும். ரொம்பத் தள்ளிப் போட்டுறாதீங்க டீச்சர். இந்த வயசுல வாய் பழகலேன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம். ட்யூபோடயே இருந்துருவான்.”

வசுந்தரா தலையை ஆட்டிவிட்டு வந்தாள். கடைசியில் சொன்னதை மனசில் வாங்கிக்கொண்டு ராத்திரியெல்லாம் பயந்தாள். நடுவில் சொன்னதை மட்டும் காற்றில் விட்டுவிட்டாள். பசிக்கிற பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு அவன் முன்னால் நாம் விழுங்குவதா? அது அவளுக்கு ஆகாத காரியம். அதற்குப் பதில் அவனைத் தனி அறைக்குக் கூட்டிப்போய், ட்யூஷன் மாதிரி மூன்று வேளையும் ஸ்பூனோடு உட்கார்ந்தாள். தேன், தயிர், ஐஸ்கிரீம். சமையல்காரர் பீமாராவ், நகரத்தில் எத்தனையோ சௌராஷ்டிரக் கல்யாணங்களுக்குச் சமைத்த கை, பால் பாயசத்தைப் பட்டு மாதிரிக் காய்ச்சிக் கொடுத்துப் பார்த்தார். எதற்கும் அவன் மசியவில்லை. ஸ்பூனைக் கண்டதும் பற்களை இறுக்கிக்கொள்வான். கண்ணில் தண்ணீர் முட்டும். மாசக்கணக்கில் இதே கதைதான்.

ஜூன் மாதம் அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மே கடைசியில் டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கிறார். என்ன சொல்வது என்று வசுந்தராவுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் வெயிலில் ஒரு மத்தியானம், அவள் ஸ்டோர் ரூமில் தயிர்சாதத் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கொய்யா மர நிழலில் பிள்ளைகள் கூட்டாஞ்சோறு விளையாடிக்கொண்டிருந்தார்கள். பிருந்தாதான் சமையல். அவளுக்கு ஏழு வயது, சிறுநீரகக்காரி, அதிகாரத்தில் வசுந்தராவையே தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். எல்லோருக்கும் இலையில் மண்ணை வைத்தாள்.

“கார்த்தி, இந்தா ஒனக்கு.”

கார்த்திகேஷ் மறு பேச்சில்லாமல் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினான். பிருந்தாவும் பெரிய மனுஷியாக ட்யூபுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் ஊற்றுகிற மாதிரிச் செய்தாள். பிறகு தன் இலையிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, “ம்ம், சூப்பர்” என்று வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

“அய்யோ, வேணாம்! செத்துருவ!”

கார்த்திகேஷ் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டான். மண் சிதறியது. குரல் அவனுடையது, அலறல் அச்சு அசலாக வசுந்தராவுடையது.

“லூசு! நான் நெசமாவே தெனமும் சாப்பிடுறேன்ல, செத்தா போனேன்?”

“நீங்கதான் அப்பிடி. கதவச் சாத்திட்டு என்னமோ செய்வீங்க. நானும் அம்மாவும் அப்பிடிச் செய்ய மாட்டோம். அம்மாவுக்கும் ட்யூப் இருக்கு. சேலைக்குள்ள இருக்கு.”

வசுந்தராவின் கையில் இருந்த தயிர்சாதம் கையிலேயே நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பிள்ளைக்கு ஏக்கம் வரக் கூடாது என்று அவள் மூடிய கதவுக்கு வெளியே நின்று, அவன் தானாக ஒரு உலகத்தையே கட்டி வைத்திருக்கிறான். அங்கே சாப்பாடு என்றால் சாவு. அதிலிருந்து தப்பித்தவர்கள் இரண்டே பேர், அவனும் அவன் அம்மாவும். கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்குப் புரிய இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

பின்னால் ஒச்சாயி வந்து நின்றிருந்தாள். அவளும் கேட்டுவிட்டாள்.

“இந்த அய்யோவ நாமதான அக்கா சொல்லிக் குடுத்தோம்? எம்புட்டுத் தடவ கத்திருப்போம்” என்றாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. பீமாராவுக்கு இதில் சம்மதமில்லை. இருவருக்கும் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் வசுந்தராவிடம் ஏதோ முணுமுணுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தமிழிலும் சொன்னார்: “புள்ளைய வெச்சுக்கிட்டு நாம முழுங்கறதா வசும்மா? எனக்கு மனசு வரல.”

“எனக்கும்தான் வரல அண்ணா. பரிமாறுங்க.”

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். கார்த்திகேஷ் நிலைப்படிக்கு வெளியே நின்றுவிட்டான். வசுந்தரா அவனுக்கு நேர் எதிரே தரையில் உட்கார்ந்து, பருப்புச் சாதத்தைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்தாள். வாயில் போட்டு மென்று விழுங்கினாள்.

அவன் ஓடிவந்து அவள் முந்தானையை இழுத்தான். இடுப்பையும் வயிற்றையும் தடவித் தடவித் தேடினான்.

“எங்க ட்யூப்?”

“அம்மாவுக்கு இல்லடா தங்கம்.”

அவள் முகத்தையே பார்த்தான். பிறகு தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தான். “நீயும் அவுங்க கூடத்தானா?” என்று கேட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்றைக்கு முழுக்க அவளிடம் பேசவில்லை. படுக்கையைத் தூக்கிக்கொண்டு ஒச்சாயி பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். வசுந்தராவை வாழ்க்கையில் எத்தனையோ பேர் எதிர்த்திருக்கிறார்கள், ஒருவர் கூட இப்படி அவளை ஒடித்துப் போட்டதில்லை. கதவை மறுபடி சாத்திவிடலாமா என்று அவளுக்கு ஆயிரம் தடவை தோன்றியது. சாத்தவில்லை.

அடுத்த நாள் அவன் நிலைப்படியைத் தாண்டினான். பேசாமல் அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் விழுங்கும்போது தொண்டையில் கை வைத்துப் பார்த்தான்.

“சாகலையா?”

“சாகல.”

“இன்னொண்ணு சாப்பிடு.”

சாப்பிட்டாள். அவன் கொஞ்சம் காத்திருந்து பார்த்தான். அப்போதும் அவள் உயிரோடுதான் இருந்தாள். இரண்டு நாள் கழித்து, அவள் தட்டில் தானே கை வைத்து, அஞ்சாறு பருக்கையைக் கிள்ளி அவள் வாயில் வைத்தான். சுடு சட்டியைத் தொடுகிறவன் மாதிரி உடனே கையை இழுத்துக்கொண்டான். பிறகு அது அவனுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. மூன்று வேளையும் அவன்தான் அம்மாவுக்கு ஊட்டுவான். போதும் என்றால் விட மாட்டான். ஒவ்வொரு வாய்க்கும் தொண்டையைத் தொட்டுப் பார்ப்பான். இட்லி, உப்புமா, புளியோதரை என்று வசுந்தரா அந்த நாட்களில் சாப்பிட்ட சாப்பாட்டைக் கல்யாண வீட்டில் கூடச் சாப்பிட்டதில்லை.

“சுகரு மாத்தரையக் கூட்டிப் போட்டுக்கக்கா. அவன் ஒன்னயக் கொன்டுட்டுத்தான் நம்புவான் போல” என்றாள் ஒச்சாயி.

சிரித்தார்கள். ஆனால் மே பிறந்து பாதி போய்விட்டது, அவன் வாய்க்குள் இன்னும் ஒரு பருக்கை போகவில்லை. ராத்திரி ட்யூபில் பாலை ஊற்றும்போதெல்லாம் வசுந்தரா, இவனுக்கு ஊட்டத்தான் வரும், உண்ண வராதோ என்று பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வழக்கம்போல அம்மாவுக்கு ஊட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தான். நெய் ஊற்றிய பருப்புச் சாதம் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையில் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. அவனுக்கு நேர் எதிரே பிருந்தா தன் விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், தன் விரலைப் பார்த்தான். அப்படியே அந்த விரலை வாய்க்குள் விட்டுக்கொண்டான்.

பீமாராவ் கரண்டியோடு அப்படியே நின்றார்.

அவன் விரலைச் சப்பினான். எதையோ கூட்டி விழுங்கினான். மறு நொடி புரையேறி இருமல் பிடித்துக்கொண்டது. முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. வரிசையில் இருந்த அத்தனை வாயும் அந்த அலறலுக்குத் திறந்தன. வசுந்தராவுக்கு அடிவயிற்றிலிருந்து அது கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஒரு கையால் தன் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள், இன்னொரு கையை மற்றவர்களைப் பார்த்து உயர்த்தினாள். அப்படி ஒரு கஷ்டத்தை அவள் அதற்கு முன் பட்டதில்லை. ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்றபோது கூட இல்லை. பிள்ளை இருமினான், அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முகம் நீலமாகவில்லை. மூச்சு வந்தது, இருமல் தணிந்தது. மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

“நான் சாகல” என்றான்.

“சாகலடா!” என்று பிருந்தா கத்தினாள்.

வசுந்தரா அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதாள். ஒச்சாயியும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். இதெல்லாம் எதற்கென்று அவனுக்கு விளங்கவில்லை. மடியிலிருந்து நழுவி, தட்டைச் சுட்டிக்காட்டினான். அவள் ஒரு பொட்டுப் பருப்பை விரல் நுனியில் எடுத்து நீட்டினாள். வாயைத் திறந்தான். நாலரை வருஷத்தில் ஒருவர் ஊட்டுவதற்காக அவன் தானாகத் திறந்த முதல் வாய் அது. இந்தத் தடவை இருமவில்லை.

ட்யூப் நாளைக்கே போய்விடாது என்று அவளுக்குத் தெரியும். வயிறு நிறைய வாயாலேயே சாப்பிட மாசக்கணக்கில் ஆகும். ஆனால் டாக்டரம்மாவிடம் சொல்ல அவளிடம் இப்போது விஷயம் இருக்கிறது.

பீமாராவுக்குக் கை பரபரத்தது. அடுப்படிக்கு ஓடி, தன் பேர் போன சாம்பாரில் தெளிவாக மேலே நிற்பதை ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்தார். அவன் முன்னால் முழங்காலிட்டு, ஸ்பூன் நுனியில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தார். எல்லோரும் அந்த நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் முகம் கோணியது. தூ என்று துப்பினான்.

“சீ, நல்லாவே இல்ல” என்றான்.

எத்தனையோ பந்திகளில் பாராட்டு வாங்கிய சாம்பார் அது. அதை இதுவரை யாரும் துப்பியதில்லை. பீமாராவ் சட்டையில் தெறித்ததைத் துடைக்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார். பயந்துபோய் வாயை மூடிய பிள்ளை, பிடிக்கவில்லை என்று மூஞ்சியைச் சுளிக்கிறான். ஊரில் உள்ள எல்லாப் பிள்ளைகளையும் போல.

“கேட்டீங்களா வசும்மா? என் சாம்பார் நல்லால்லயாம்!” என்று கண்ணில் தண்ணீரோடு வீடே அதிரச் சிரித்தார். “இருடா, இரு. வேற கொண்டு வாரேன்” என்று எழுந்து அடுப்படிக்கு ஓடினார்.