நாற்பத்தொரு மஞ்சள் கோடுகள்

கம்பெனியில் எனக்கு டேப்லெட் கொடுத்தது லிஃப்டுகளைச் சோதிப்பதற்கு. கேபிள் தேய்ந்திருக்கிறதா, கதவு கையை நசுக்குமா, அலாரம் அடித்தால் வாட்ச்மேன் எழுந்திருப்பாரா என்று ஒரு நாளைக்கு ஆறு கட்டடம் ஏறி இறங்கி, திரையில் டிக் போட்டு, விரலால் கோழி கிளறினது மாதிரி ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டு வர வேண்டும். நான் அதோடு நிறுத்தவில்லை. காலையில் பேப்பர், சாப்பிடும்போது காமெடி வீடியோ, சாயங்காலம் சோபாவில் சாய்ந்து சீட்டு விளையாட்டு என்று அந்தப் பலகை எனக்கு மூன்றாவது கையாகிவிட்டது. "எல்லாம் இதுலயே இருக்கு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வேன். என்ன இருக்கிறது என்று நல்லவேளை யாரும் கேட்டதில்லை.

வினை கிளை மேலாளர் ரூபத்தில் வந்தது. ஊழியர்களின் அறிவை வளர்க்கச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்ததும், மனிதர் ஒரே வாரத்தில் வாசிப்பு வட்டம் தொடங்கிவிட்டார். மாதத்தின் கடைசி சனிக்கிழமை, மாலை நாலு மணி, மீட்டிங் ஹால், பத்துப் பேர், ஒரு நாவல்.

"எனக்குப் புத்தகம் வேண்டாம் சார். டேப்லயே வாங்கிப் படிச்சிடுவேன்" என்றேன். அன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

முதல் நாவலைப் பன்னிரண்டு பக்கம் படித்தேன். பதிமூன்றாவதில் சீட்டு விளையாட்டு கூப்பிட்டது. கூட்டத்தன்று மத்தியானம், வேறு வழியில்லாமல் பக்கங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனபோது அங்கங்கே மஞ்சள் கோடுகள். கோட்டைத் தொட்டால் ஒரு சின்னக் குறிப்பு திறந்தது. ஒவ்வொன்றும் சுருக்கென்று இருந்தது. என்னை மாதிரி ஆட்களுக்காகப் புத்தகம் விற்றவனே நோட்ஸ் போட்டுக் கொடுத்திருக்கிறான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நாலு குறிப்பை எடுத்து, அதிலிருந்த பேச்சுத் தமிழுக்கு இஸ்திரி போட்டு, கூட்டத்தில் எடுத்துவிட்டேன். மேலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் ஆபீசில் அவர் கண்ணாடியைக் கழற்றுவது பதவி உயர்வுக்கு முந்தைய கட்டம்.

அடுத்த மாத நாவலில், ஒரு வியாபாரி வளவளவென்று பேசும் இடத்தில் இந்தக் குறிப்பு இருந்தது: "நம்ம வீட்டு ஆளும் இப்படித்தான். தும்மறதுக்குக்கூட முன்னுரை சொல்லிட்டுத்தான் தும்முவார்."

தும்மல் வருவதற்கு முன்னால் "இருங்க, வருது, வருது" என்று சொல்வது என் வழக்கம்.

அப்போதுதான் உறைத்தது. வீட்டிலிருக்கிற போனுக்கும் டேப்புக்கும் ஒரே ஈமெயிலைப் போட்டு வைத்தவன் நான்தான். நான் வாங்குகிற புத்தகமெல்லாம் மனைவியின் போனிலும் போய் உட்கார்ந்திருக்கிறது. அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜை. உள்ளே மெஷின் ஓட, வெளியே நாலு பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனக, நடுவில் உட்கார்ந்து நாவல் படித்துக் கோடு போட்டிருக்கிறாள். கோடுகள் நேராக எனக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "நீ கதையெல்லாம் படிக்கிறியா என்ன?" என்று மட்டும் கேட்டேன்.

"எப்பவாவது" என்றாள்.

அந்த வாரம் அவளுடைய ஆறு குறிப்புகளுக்கு இஸ்திரி போட்டேன். முதல் மாதம் செய்தது முட்டாள்தனம். அதற்கப்புறம் செய்ததற்கு வேறு பெயர்.

பத்து மாதத்தில் எனக்கு 'விமர்சகர்' என்று பட்டமே வந்துவிட்டது. வட்டத்திலிருந்த எங்கள் ஸ்டோர்ஸ்காரர் மட்டும் விடமாட்டார். "அண்ணே, லிஃப்ட் ரிப்போர்ட்டுல 'நல்லா இருக்கு'ன்னு ரெண்டு வார்த்தைக்கு மேல எழுத மாட்டீங்க. நாவல்னா மட்டும் எங்கேர்ந்துண்ணே வருது?"

"அது வேற மூளைப்பா" என்பேன். நான் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் பேசவேண்டும், எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும் என்று மேலாளர் முடிவு செய்தார். நான் வீட்டில் மூச்சு விடவில்லை. அவரே போன் போட்டு அழைத்துவிட்டார்.

"நீங்க பேசப் போறீங்களாமே! ஒரு வார்த்தை சொன்னீங்களா? லீவு போட்டுட்டு வரேன்" என்றாள் மனைவி.

"உனக்கு போரடிக்கும்மா."

"பதினேழு வருஷம் தாங்கியிருக்கேன். அரை மணி நேரம் தாங்க மாட்டேனா?"

அந்த மாத நாவலில், வீட்டை விட்டுப் போன அக்காவைத் தம்பி முப்பது வருஷம் தேடுகிறான். இந்தத் தடவையாவது நானே படித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். ஒரு வாரத்தில் பத்தொன்பது பக்கம் நகர்ந்தது. மனைவியின் கோடுகள் நாற்பத்தொன்று.

கூட்டத்தன்று அவள் முன்வரிசையில், மேலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு டேப்பைப் பார்த்து ஆரம்பித்தேன். "முப்பது ஆண்டுகள் தேடுகிறான். அவள் ஏன் போனாள் என்று ஒரு முறையாவது, யாரையாவது கேட்டானா?"

மேலாளரின் கண்ணாடி கழன்றது. மனைவியின் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. கல்யாணமான புதிதில்கூட நான் பார்த்ததில்லை. இரண்டாவது குறிப்பில் அந்தப் பூரிப்பு குழம்பியது. மூன்றாவதில் பையைத் திறந்து போனை எடுத்தாள். விரலால் தள்ளித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். போனை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்து, பைமேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேறு என்ன பேசுவது? மிச்சக் குறிப்புகளையும், எழுதியவள் எதிரிலேயே நின்று ஒப்பித்து முடித்தேன். கைதட்டல் எழுந்தது.

"இதெல்லாம் என்னோடது இல்லைங்க. என் மனைவி எழுதி வெச்சது" என்றேன்.

ஹாலே சிரித்தது. "பணிவைப் பாருங்க, பணிவை!" என்று மேலாளர் எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். மறுபடி கைதட்டல், முன்னதைவிடப் பலமாக. சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர்கள் பாடு என்று எனக்குள்ளே ஒருவன் மூட்டையைக் கட்டினான். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.

"மேடம், நீங்க கொடுத்து வெச்சவங்க. ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார் மேலாளர்.

அவள் வந்து மைக்கைப் பிடித்தாள். கையில் போன் இல்லை.

"முதல்ல ஒண்ணு சொன்னாரே, தம்பி யாரையுமே கேக்கலைன்னு. அது தப்புங்க. முதல் தடவை படிச்சப்போ எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. அவசரத்துல எழுதி வெச்சுட்டேன். ரெண்டாவது தடவை படிக்கும்போது, அந்தத் தாழ்ப்பாள் வர்ற இடத்துல நின்னுட்டேன். அக்கா ரூமுக்கு வெளிப்பக்கமா தாழ்ப்பாள் போட்டது யாரு? இவன்தானே? அவ ஏன் போனான்னு இவனுக்கு நல்லாவே தெரியும். அதான் கேக்கலை."

"அட, ஆமாம்!" என்றார் அக்கவுண்ட்ஸ் அம்மா.

"நான் அதைத் தாண்டிப் போயிட்டேன்க்கா" என்று ஸ்டோர்ஸ்காரர் பக்கத்தைத் தேடினார். எல்லோரும் தேடினார்கள். நானும் டேப்பில் தேடினேன். தாழ்ப்பாள் எங்கே வருகிறதென்று எனக்குத் தெரியவில்லை. அங்கே அவள் கோடு போட்டிருக்கவில்லை.

பத்து நிமிஷம் பேசினாள். குறுக்கே கேள்வி கேட்டார்கள், அவளும் திருப்பிக் கேட்டாள். ஓரிடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தேன். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்கப்புறம் யாரும் பணிவைப் பற்றிப் பேசவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நாலு ஸ்டாப்பிங் தாண்டியதும் நான் வாயைத் திறந்தேன்.

"மன்னிச்சிடும்மா. உன்னோடதை எடுத்துப் பேசிட்டேன்."

"எடுத்தது கிடக்கட்டும்" என்றாள். "ஒரு வருஷமா இதையெல்லாம் யார்கிட்டயாவது பேச மாட்டோமான்னு இருந்தேன். பல்வலிக்காரங்ககிட்டயா பேச முடியும்? நீங்க ஆரம்பிச்சதும், அடடா, நமக்குத் தோணினதே இவருக்கும் தோணியிருக்கே, வீட்டுலயே ஆள் இருந்திருக்கேன்னு நினைச்சேன். ஒரு நிமிஷம்தான் நினைச்சேன்."

நான் மடியிலிருந்த டேப்பைப் பைக்குள் தள்ளினேன்.

"சரி, சொல்லுங்க. கடைசியில அந்த அக்கா கிடைச்சாளா?"

'அதை வாசகரின் முடிவுக்கே விடுகிறார் ஆசிரியர்' என்று ஒரு வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வருஷப் பழக்கம். விழுங்கினேன்.

"தெரியாது. பத்தொம்பது பக்கம்தான் படிச்சேன்."

"பரவாயில்லையே" என்றாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. "இந்த வருஷத்துல நீங்க சொன்ன முதல் சொந்தக் கருத்து."

நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகுதான், அவள் அதைச் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை என்று தெரிந்தது.