ஐந்து மூலைத் தட்டு

பேஸ்பால் ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸும் முழுதாக உட்கார்ந்து பந்து பிடிக்க வேண்டும். டெல்மர் ஹாஸுக்கு அன்று அவ்வளவுதான் வேலை. மேனேஜர் கோவாக் காலையிலேயே சொல்லிவிட்டார்: "நடுவுல நொண்டினேன்னா கோரியை இறக்கிருவேன். நாளையிலேர்ந்து அவன்தான் கேட்ச்சர். நீ ஊருக்குப் போய் மீன் பிடிக்கலாம்."

கோரிக்கு இருபது வயது. டெல்மரின் முழங்கால்களுக்கே அதைவிட வயது அதிகம்.

கேட்ச்சருக்கும், அவன் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்கும் அம்பயருக்கும் நடுவே ஒரு பழைய வழக்கம் உண்டு. பந்து அம்பயர்மேல் பட்டால், ஏதோ பெரிய ஆலோசனை இருப்பதுபோல் கேட்ச்சர், பந்து எறியும் பிட்ச்சரிடம் நடப்பான். அந்த நேரத்தில் அம்பயர் வலியை விழுங்கிக்கொள்வார். கேட்ச்சர்மேல் பட்டால், அம்பயர் தன் சின்ன பிரஷ்ஷை எடுத்து, தரையில் பதித்த வெள்ளைத் தட்டைப் பெருக்குவார். யாரும் நன்றி சொல்வதில்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் ஒரு பந்து மட்டையில் உரசி வந்து அம்பயர் ஆர்ச்சியின் தோளெலும்பில் இடித்தது. டெல்மர் அசையவில்லை. அதற்குச் சற்று முன்புதான் ஒரு நல்ல பந்தை ஆர்ச்சி செல்லாது என்றிருந்தார். 'நல்லா வேணும்' என்று நினைத்துக்கொண்டு அடுத்த பந்துக்குச் சைகை காட்டினான். காலையில்தான் சர்ச்சில் எல்லாரையும் நேசிப்பதாகப் பாடியிருந்தான். ஆர்ச்சி பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆடுங்க" என்றார்.

எட்டாவது இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் இன்னும் சைபர்தான். அப்போது ஒரு பந்து டெல்மரின் தொடையில், சொல்லக்கூடாத இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து இறங்கியது. உலகமே பச்சையாகத் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்திலிருந்து மேனேஜர் படியேறி எட்டிப் பார்த்தார். அவர் பக்கத்தில் கோரி முகமூடியை எடுத்தான்.

சர்ர், சர்ர்.

ஆர்ச்சி முன்னால் வந்து, தன் அகன்ற உடம்பால் மேனேஜரின் பார்வையை மறைத்தபடி, குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க வீட்டுக் கூடமும் அழுக்காத்தான் கெடக்கு! வந்துட்டுப் போங்க!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"சுத்தமாத்தானே இருக்கு ஆர்ச்சி!" என்று மேனேஜர் கத்தினார்.

"அஞ்சு மூலை இருக்கு கோவாக். ஒண்ணொண்ணாத்தான் பண்ண முடியும்."

"மூணாவதுல நான் போகலையே..." டெல்மர் முனகினான்.

"பேசாத. மூச்சை இழுத்து விடு."

ஐந்தாவது மூலை முடிந்தபோது டெல்மரால் உட்கார முடிந்தது.

ஒன்பதாவது தொடங்கியதும் அவன் ஆட்டத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி, பிட்ச்சர் நீல்ஸிடம் நடந்தான்.

"என்ன போடணும்?"

"ஒண்ணும் வேணாம். சும்மா நில்லு. அம்பயருக்கு அடிபட்டிருக்கு."

"அடப்பாவி, எப்ப?"

"மூணாவதுல."

நீல்ஸ் கையுறையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். அங்கே ஆர்ச்சி தோளெலும்பைத் தடவியபடி, அவசரமே இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த பிறகு விழுந்த முதல் பந்தையே ஆர்ச்சி செல்லாது என்றார். உண்மையில் அது கொஞ்சம் வெளியேதான் போயிருந்தது. டெல்மர் பந்தை நீல்ஸிடம் திருப்பி எறிந்தான். அந்தப் பாதியிலும் எதிரணிக்கு ரன் கிடைக்கவில்லை.

டெல்மரின் அணி மட்டை பிடித்த கடைசிப் பாதியில், ஓடி நிற்கும் மூன்று பேஸிலும் ஆள். மட்டையோடு நின்றவன் டெல்மர். வந்த பந்து நேராக அவன் பின்பக்கத்தில் பட்டது. பந்து பட்டவன் முதல் பேஸுக்கு நடக்கலாம், மூன்றாவதில் நிற்பவன் 'வீடு' என்கிற அந்த வெள்ளைத் தட்டுக்கு வந்து சேரலாம். ஒன்றுக்குச் சைபர், வெற்றி! கூட்டம் துள்ளியது. டெல்மர் மட்டும் மண்டியிட்டுக் கிடந்தான்.

மேனேஜர் ஓடி வந்தார். "நொண்டுறியா?"

"இல்ல. சாமி கும்பிடுறேன்."

சர்ர், சர்ர்.

"யோவ், ஆட்டம் முடிஞ்சுதுய்யா!" என்று கூட்டம் கூவியது.

"அவன் போய் முதல் பேஸைத் தொடணும். அதுவரைக்கும் முடியல" என்று சொல்லிவிட்டு ஆர்ச்சி இரண்டாவது மூலைக்கு நகர்ந்தார்.

மேனேஜர் பிரஷ்ஷைப் பார்த்தார், மண்டியிட்டவனைப் பார்த்தார். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நாளைக்கும் நீதான். நல்லா கும்பிட்டுட்டே எழுந்திரு. இன்னும் மூணு மூலை இருக்கு."