முன் மேஜை

டிபன் பாக்ஸின் மூடி உட்காரவே மாட்டேன் என்றது. அவள் அழுத்தியதுதான் கோணல். பழி மூடியின் மேல்.

"சூப்பர்வைசர் அம்மாவுக்கு இப்பவே கை உதறுது பாரு!" வேன் சாவியைத் தேடிக்கொண்டே கணவன் சீண்டினான். "ப்ரொமோஷன்னா சும்மாவா?"

"அது லத்தீன்லேருந்து வந்த வார்த்தைப்பா," என்றாள் மகள், போனிலிருந்து தலையை எடுக்காமல். "முன்னால நகர்த்துறதுன்னு அர்த்தம்."

"நகர்றதா, நகர்த்துறதா?"

"நகர்த்துறது."

"அப்ப உங்கம்மா கேரம் காயின்தான். அடிக்கிறவன் வேற ஆளு!"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று மேனேஜரிடம் வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் அவர் கைகொடுத்துவிட்டார்.

தையல் ஆலையில் சட்டைகள் பின்னாலிருந்து முன்னால் போகும். அவரவர் வேலையை முடித்து, முன்னால் இருப்பவளிடம் தள்ள வேண்டும். அவளுக்குப் பின் மெஷினில் காலர் அக்கா. கொஞ்ச காலமாக அக்காவின் வலது கை சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. காலர் கோணிக்கொண்டு வரும். இவள் சத்தமில்லாமல் பிரித்து, நேராக்கி, தன் தையலையும் போட்டு முன்னால் தள்ளுவாள். இருவருக்கும் தெரியும். ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

இனி அவள் இடம் முன் மேஜை. கோணல் சட்டைக்குச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. ஒருத்தி பேரில் ஸ்டிக்கர் சேர்ந்தால் அவள் ஆலை கேட்டுக்கு வெளியேதான்.

"என்னடி, இனிமே மேடம்னு கூப்பிடணுமா?" ஆலைக்குள் நுழைந்ததும் அக்காதான் முதலில் பிடித்துக்கொண்டாள்.

"சும்மா இருக்கா."

"போ, போய் நில்லு. இத்தனை வருஷம் உன் முதுகையே பார்த்துத் தச்சாச்சு. இனியாவது மூஞ்சியப் பார்க்கிறேன்."

சிரித்தாள். வலது கையை மட்டும் முந்தானைக்குள் செருகியிருந்தாள்.

மெஷின்கள் இரைந்தன. அவளுடைய பழைய நாற்காலியில் புதுப் பெண்; வேகக்காரி. வாங்கினாள், தைத்தாள், தள்ளினாள். எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. சட்டை கை மாறி, கை மாறி முன் மேஜைக்கு வந்துவிட்டது.

காலரின் ஒரு முனை படுத்திருந்தது. மற்றது பூனைக் காதாக விறைத்து நின்றது.

"என்னம்மா, சரியா இருக்கா?" தோளுக்குப் பின்னால் மேனேஜர் குரல்.

அவள் நிமிர்ந்தாள். இங்கிருந்து பார்த்தால் வரிசை முழுக்க முகங்கள். எல்லாம் குனிந்திருந்தன, ஒன்றைத் தவிர. மெஷினை நிறுத்திவிட்டு அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உரித்த சிவப்பு ஸ்டிக்கர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது.