முகம் கசங்காத படம்

தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மகன் தன்னைப் பலாத்காரம் செய்தான் என்று என் தங்கச்சி போலீசில் எழுதிக்கொடுத்தாள். மறுநாளே பெட்டிக்கடையில் பேப்பர் போஸ்டர் தொங்கியது: ‘கோவில்பட்டி அழகி கற்பழிப்பு.’ பேப்பருக்கு உள்ளே அவள் வயசு, எங்கள் தெரு, அன்றைக்குப் போட்டிருந்த தாவணியின் நிறம் எல்லாம் இருந்தது. செய்தவன் மட்டும் ‘வாலிபர் ஒருவர்.’

அதை எழுதிய நிருபர் சண்முகராஜ் மத்தியானம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“தங்கச்சி போட்டோ ஒண்ணு குடும்மா. பாத்தா ஜனங்க மனசு இளகும்.”

இளகுமாம். அழகி என்று போட்டது அதற்குத்தான் போல.

“புகார்ல அவன் பேரு இருக்குல்லா அண்ணாச்சி, அதை ஏன் போடல?”

“பெரிய குடும்பம்மா. பேரு கெட்டுப்போனா அவியளுக்கு யாரு பொண்ணு குடுப்பா?”

“போட்டோதான? இருங்க” என்று உள்ளே போனேன். அலமாரித் தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரை உருவிக்கொண்டு வந்தேன். அவருடைய பேப்பர்தான். போன பொங்கலுக்கு முதலாளி வீட்டில் அவரே கேட்டு வாங்கிப் போட்ட அரைப்பக்க வாழ்த்து விளம்பரம். முதலாளி கும்பிட்டு நிற்க, பக்கத்தில் மகன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கீழே படிப்போடு சேர்த்து அவன் முழுப்பேர்.

“இந்தாங்க. இவன் படத்தைப் போடுங்க. பேருகூட நீங்களே அச்சடிச்சதுதான்.”

மனுஷன் பேப்பரை வாங்கி நாலாக மடித்தார். முதலாளி மகன் முகத்தில் மடிப்பு விழாமல் பார்த்துப் பார்த்து மடித்தார்.